நாத்தனாரை யாரும் கேட்கவில்லை

பயிற்சியில் இருக்கும் நிரல் அடம்பிடித்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தண்டனையைக் கூட்டுவீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் கூட்டுவீர்கள். பிறகு டீக்கடைக்குப் போய், சனியன் சொன்ன பேச்சே கேட்க மாட்டேன் என்கிறது என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் கிடப்பவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டாம். அந்த டீக்கடை என் தெருமுனையில்தான் இருக்கிறது. உங்கள் குரலும் அப்படி ஒன்றும் மெல்லிய குரல் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இராஜபாளையத்தில் நம் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தவள். எம்பிராய்டரி இயந்திரங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது நம் தொழில். மற்றவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்துவந்ததால் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. அங்கே நடந்தவற்றில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறேன். கார்த்திக்கை உங்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து அதட்டுகிறாரே, அவரேதான். அப்போது அவர் உங்களைப்போலத்தான் இருந்தார். அதாவது, எல்லாம் தெரிந்தவராக.

ஒரு படத்தைத் துணியில் தைக்க வேண்டுமென்றால், ஊசி எங்கே இறங்க வேண்டும், எப்போது நூல் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பஞ்சிங் என்று பெயர். கையால் செய்தால் கழுத்து போய்விடும். கார்த்திக் அதை ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார். நிஜத் துணியையும் ஊசியையும் வைத்துப் பழக்க முடியாது என்பதால், தைத்தால் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும் சிமுலேட்டர் ஒன்றை அதன் கையில் கொடுத்தார். அந்த நிரலுக்கு நாங்கள் தையல்காரர் என்று பெயர் வைத்தோம்.

தைத்தது நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? அதற்கு இன்னொரு நிரல். நிஜத் துணிகளின் படங்களும் தையல்காரரின் திரைப் படங்களும் மாறி மாறி அதன் முன்னால் வரும். எது நிஜம், எது போலி என்று அது சொல்ல வேண்டும். அதை ஏமாற்றினால் தையல்காரருக்கு மதிப்பெண். பிடித்துவிட்டால் அதற்கு மதிப்பெண். இப்படி ஒன்றை ஒன்று கூர் தீட்டிக்கொண்டே போகும். எதைக் கொடுத்தாலும் குறை சொல்லும் அந்த நிரலுக்கு ஆண்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நாத்தனார் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இரண்டு தம்பிகள், இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெயர் வைக்கும்போது அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் செல்வமேரி வந்தாள். தளவாய்புரத்துக்காரி. கணவர் லாரி ஓட்டப் போய்விடுவார். அவள் கணவருடைய அண்ணன் பட்டறையில் வருடக்கணக்காக எம்பிராய்டரி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ வாய்த்தகராறு முற்றி, எங்கள் பங்குக்கு ஒரு மெஷினைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். பெரியவர் தடுக்கவில்லை. எப்படியும் அடுத்த தீபாவளிக்குள் மெஷினோடு திரும்பி வந்துவிடுவாள் என்று சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

தனியாக வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல்முறையாகத் திருவிருந்து, வாங்கும் பிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன்களும் சட்டைகளும். அதை அவளுக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம், மற்றவர்கள் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு படம் வரையட்டும், அந்தப் படத்தையே அவரவர் உடுப்பில் தைத்துத் தருகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். கையால் பஞ்சிங் செய்தால் அது அடுத்த வருடப் புதுநன்மைக்குத்தான் முடியும். எங்கள் தையல்காரரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, அந்தப் படங்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் மேலாளர் தயங்கினார். இன்னும் பழகிக்கொண்டிருக்கும் நிரல், வெளியாளுக்கு எப்படிக் கொடுப்பது என்றார். அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது தவறிச்சுன்னா நான் அவிய பட்டறைக்கே திரும்பிப் போயி உக்காரணும். அதுக்கு மெஷினத் தலையில தூக்கிக்கிட்டு மலையேறிருவேன்."

மேலாளருக்குப் பதற்றம் வந்தால் வாயில் தெலுங்கு வரும். தனக்குள் ஏதோ முனகினார். அது சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திராட்சைக் குலை, அப்பம், புறா என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடிதான் பாதிப் பேர் வரைந்திருந்தார்கள். ஒரு பெண் வரைந்தது கோழி என்றே நான் நினைத்திருந்தேன். புறா என்று பிறகு தெரிந்தது. ஒரு பையன் தன் வீட்டு நாயை வரைந்திருந்தான். பரிசுத்தத்துக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிஸ்டர் கேட்டதற்கு, அது வெள்ளையாக இருக்கிறது என்று பதில் சொன்னானாம். பால்வெள்ளைக்குப் பேர்போன எங்கள் ஊர் நாயின் நிறத்தை வைத்து வாதாடும் பையனை யாரால் மறுக்க முடியும்?

தையல்காரர் இந்தப் படங்களை அழகாகவே தைத்தார். ஆனால் ஒவ்வொன்றிலும் கீழே வலது மூலையில், படத்துக்கு வெளியே, சம்பந்தமே இல்லாமல் கறுப்பு நூலில் ஒரு தையல் போட்டார். புறா முடிந்ததும் நூலை மாற்றுவார், மூலைக்குப் போவார், கறுப்பாக ஒரு புள்ளி வைப்பார், நூலை வெட்டுவார். வெள்ளை உடுப்பில் கறுப்புப் புள்ளி. கார்த்திக் முதலில் சிமுலேட்டரில் கோளாறு என்றார். அது இல்லை என்று ஆனதும், கறுப்பு நூலைத் தொட்டால் மதிப்பெண் குறையும் என்று விதி போட்டார். தையல்காரர் கருநீலத்துக்கு மாறினார். நீலத்துக்கும் விதி. காப்பிப்பொடி நிறம் வந்தது. கார்த்திக்கும் நூல் டப்பாவும் மல்லுக்கு நின்றதை நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். கடைசியில் அடர்நிறம் எதையும் தொடக்கூடாது என்று ஒரேயடியாக மூடினார். புள்ளி மறைந்தது.

அன்று பால்கோவா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால், அது ஏன் அந்தப் புள்ளியை வைத்தது என்று தெரியுமா தம்பி என்று கேட்டேன். இனி வைக்காது மேடம் என்றார். நான் கேட்டது அதை இல்லை. தையல்காரரின் பழைய பிரதிகளை எல்லாம் என் கணினியில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். சோதனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது. என் வீட்டுப் பரணைப் பார்த்தால் புரியும்.

புதுநன்மைத் திருப்பலி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை செல்வமேரியிடமிருந்து போன் வந்தது. முதல் கவுனை மெஷினில் ஏற்றியிருக்கிறாள். புறாவின் சிறகு பாதி வந்ததும் ஊசி ஒரே இடத்தில் இறங்கி இறங்கிக் குத்தி, ஒடிந்து, துணியைக் கிழித்துவிட்டது. அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. அடுத்ததை ஏற்றவா, வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். நாங்கள் வரும்வரை எதையும் ஏற்றாதே என்றேன்.

கோப்பைத் திறந்து பார்த்ததும் விஷயம் தெரிந்தது. அடர்நிற நூலை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம் இல்லையா? எங்கள் சிமுலேட்டரில் நூல் மேல் நூல் ஏறினால் அங்கே நிழல் விழுவதுபோல் காட்டும். தையல்காரர் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு, வெள்ளை நூலையே ஒரே இடத்தில் அடுக்கி அடுக்கி நிழலால் ஒரு கறுப்புப் புள்ளி செய்திருக்கிறார். அதையும் மூலையில் வைத்தால் நாங்கள் பார்த்துவிடுவோம் என்பதுபோல, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில், சிறகுக்குள்ளும் இலைக்குள்ளும் ஒளித்துவைத்திருந்தார். திரையில் ஊசி ஒடியாது. அதனால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

கார்த்திக்கின் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. நூலை அடுக்குவதற்கும் ஒரு விதி போட்டுவிடுகிறேன், சாயங்காலத்துக்குள் தயார் என்றார். மேலாளர் அதுதான் சரி என்றார். அந்த அறையில் எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பு இருந்தது. அந்த நேரத்தில் யாராவது எதையாவது தட்டச்சு செய்தாலே மனதுக்கு ஆறுதலாக இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், இருந்தால் தப்பில்லை. கையை மட்டும் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் கார்த்திக்கிடம் சொன்னேன். "செத்த நேரம் அந்தத் தையல்காரர அடிக்காத தம்பி. அவன் யாருக்குப் பயந்து இதப் பண்ணுதான்னு பாரு. நாத்தனாரக் கேளு."

நாத்தனார் எந்த இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறது என்று சிவப்பாகக் காட்டும் வசதி ஒன்றை கார்த்திக்கே எழுதியிருந்தார். எழுதிய பிறகு அதைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது நிஜத் துணிகளின் படங்களை ஒவ்வொன்றாக அதில் போட்டோம். ரோஜாவில் சிவப்பு இல்லை. மயிலில் இல்லை. மாங்காய் டிசைனில் இல்லை. எல்லாப் படத்திலும் கீழே வலது மூலை மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மூலையில் கறுப்பு நூலில் ஒரு முடிச்சு.

அதைப் பார்த்து அந்த அறையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஓ, அது திருஷ்டி முடிச்சு என்று மேலாளர் சாதாரணமாகச் சொன்னார். ஆமாம் என்று மற்றவர்களும் தலையாட்டினோம். அடுத்த படத்துக்கே போயிருப்போம். கார்த்திக்தான் திடீரென்று நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு கஷ்டத்திலும்.

தளவாய்புரத்துப் பட்டறைகளில் ஒரு பழக்கம். புது டிசைனில் முதல் உருப்படி மெஷினிலிருந்து வந்ததும், யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் மூலையில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டு, அதைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மற்ற உருப்படிகள் கட்டுக் கட்டாகக் கிளம்பிவிடும். நாத்தனாருக்காக நாங்கள் படமெடுக்கப் போனபோது, கட்டிய கட்டை எங்களுக்காக யார் பிரிப்பார்கள்? சுவரில் தொங்குவதை எடுத்துக்கோங்க என்றார்கள். எடுத்தோம். அந்தப் படங்களில் அழுக்கு, கிழிசல், கறை இருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் பொறுக்கியதும் நாங்கள்தான். கன்னத்தில் மைப்பொட்டு வைத்து வளர்க்கப்பட்ட ஆட்கள் எல்லோரும். துணிக்கு வைத்த பொட்டைக் கண் தாண்டிப் போய்விட்டது. வெளியூரிலிருந்து ஒரே ஒரு ஆளை உட்காரவைத்திருந்தால் முதல் படத்திலேயே இது என்ன என்று கேட்டிருப்பார். வளர்ப்பு என்று எதுவும் இல்லாத நாத்தனார் கேட்டது. முடிச்சு இல்லாதது நிஜத் துணியே இல்லை என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பாவம் தையல்காரர், அதைக் கேட்டு நடந்தார். நாங்கள் அவரை அடித்தோம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. சட்டையைப் போடும் பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்? மேலாளர், படங்களின் மூலையை வெட்டிவிட்டு இருவரையும் முதலிலிருந்து பழக்குவோம், அதுதான் முறை என்றார். முறைதான். ஆனால் அது எப்போது தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு விதியைப் போடுவோம் என்றால், அது அடுத்து எங்கே போய் ஒளியும் என்றும் தெரியாது. என் கணினியில் கிடக்கும் முதல் பிரதியைச் செல்வமேரிக்குக் கொடுப்போம் என்றேன். விதியே போடாத காலத்துத் தையல்காரர். கறுப்புப் புள்ளியை வெளிப்படையாக, மூலையில், எல்லோரும் பார்க்க வைத்தவர்.

மேலாளருக்கு ஒப்பவில்லை. தெரிந்தே தப்புள்ள பிரதியைக் கொடுப்பதா என்றார். எல்லாப் பிரதியிலும் தப்பு இருக்கிறது சார், இதில்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும், தெரிந்தால் கையால் எடுத்துவிடலாம் என்றேன். கார்த்திக்குக்கு அது இன்னும் கசந்தது. வாரக்கணக்கில் செய்த முன்னேற்றத்தை எல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் போவது என்றால் யாருக்குத்தான் கசக்காது? எனக்கு அவர்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலாளர் கொஞ்ச நேரம் தெலுங்கில் இருந்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பி, சரி என்றார்.

தளவாய்புரம் போனதும் செல்வமேரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். முடிச்சு விவகாரத்தைக் கேட்டதும் அவள் கிழிந்த கவுனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நீங்களும் போடுவீர்களா என்று கார்த்திக் அப்பாவியாகக் கேட்டார்.

"நாங்களும் போடத்தான் செய்வோம் தம்பி. சாமியார்ட்ட மட்டும் சொல்லிராதிய."

கறுப்புத் தையலை எல்லாக் கோப்பிலும் ஒரே தட்டில் அழிக்க ஒரு சின்ன நிரல் எழுதிவிடுகிறேன் என்றார் கார்த்திக். அப்படியானால் புறாவுக்கெல்லாம் கண் போய்விடும் என்றேன். மூலையில் இருக்கும் கறுப்பை மட்டும் என்றார். ஒரு பையன் தன் சட்டைப் பாக்கெட் முழுக்க வரும்படி மீன் வரைந்திருந்தான்; அதன் தலை கறுப்புக் கண்ணோடு சரியாக அந்த மூலையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கார்த்திக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கண்ணால் பார்த்து, அந்த ஒரு தையலை எடுக்க ஆரம்பித்தார். நான் சரிபார்த்தேன். செல்வமேரி ஒவ்வொன்றையும் முதலில் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்த்து, பிறகு உடுப்பில் ஏற்றினாள். கிழிந்ததற்கு மாற்றாக மிச்சத் துணியில் இன்னொரு கவுன் வெட்டினாள். சனிக்கிழமை மதியம் கடைசிச் சட்டை இறங்கியது. அது நாய்ச் சட்டை. கண் இருந்தது.

நாத்தனாரை அடுத்த வாரம் முறைப்படியே மூலையை வெட்டிய படங்களை வைத்துப் பழக்கினோம். இன்று நீங்கள் ஓட்டுவது அந்த வம்சம்தான். அதற்கும் ஏதாவது ஒரு மூலையில் நமக்குத் தெரியாத பழக்கம் இருக்கும். அடம்பிடித்தால், அடிப்பதற்கு முன்னால், அது யாருடைய பேச்சைக் கேட்கிறது என்று போய்ப் பாருங்கள். நீங்கள் போட்ட விதிக்குப் பிறகு கோளாறு சத்தமில்லாமல் மறைந்துவிட்டால் பால்கோவா வாங்காதீர்கள். வாங்கினால் எனக்கும் கொண்டுவாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கார்த்திக்கையும் செல்வமேரி வரச் சொல்லியிருந்தாள். திருப்பலி முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பெற்றோர்கள் போன்களை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் கணவருடைய அண்ணனும் இருந்தார். அவருடைய பேத்தியும் அன்று புதுநன்மை வாங்கியிருந்தாள். பெரியவர் பேத்திக்கு முத்தம் கொடுத்துவிட்டு, நேராக அவள் கவுனின் ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தொழில்காரர்கள் எம்பிராய்டரியை முன்பக்கம் பார்ப்பதில்லை. முடிச்சும் தொங்கலும் அங்கேதான் தெரியும். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பையனின் பாக்கெட்டைத் திருப்பினார். இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தார். செல்வமேரி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

இதற்கெல்லாம் யார் பஞ்சிங் என்று பெரியவர் கேட்டார்.

நான்தான் அத்தான் என்றாள் அவள்.

கார்த்திக் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

பெரியவர், தன் பட்டறையில் ஒரு கல்யாண ஆர்டர் வந்து கிடக்கிறது, இப்போதெல்லாம் நல்ல பஞ்சிங்குக்கு ஆள் கிடைப்பதில்லை என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"டிசைன அனுப்பி வைங்க அத்தான்," என்றாள் செல்வமேரி. "உங்களுக்கு முன்னால ரெண்டு பார்ட்டி நிக்காவ. அவியளுக்கு முடிச்சுட்டுப் பொறவு பாக்கேன்."

அவளிடம் அப்போது ஒரு பார்ட்டியும் கிடையாது. பெரியவர் அவள் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, காத்திருப்பதாகச் சொன்னார்.